'தொன்தெரீயா' யாருடையது?

மாட்ரிட் நகரில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது, என் குறிப்பேட்டில் 'தொன்தெரீயா' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு நேரே 'முட்டாள்தனம்' என்று மட்டுமே எழுதியிருந்தேன். 'தொன்தோ' என்றால் அசடு. நம்மிடம் 'தனம்' சேர்ந்து அசட்டுத்தனம் ஆவதைப் போல, அங்கே 'எரீயா' என்னும் விகுதி சேர்கிறது. பழத்தைக் குறிக்கும் 'ஃப்ருத்தா' பழக்கடையைக் குறிக்கும் 'ஃப்ருத்தெரீயா' ஆவதும் இதே விகுதியால்தான். இலக்கணம் இவ்வளவு தெளிவாக இருந்ததால், சொல்லும் வசப்பட்டுவிட்டது என்று நம்பினேன்.

அலுவலகத்தில் அச்சொல் நாள்தோறும் காதில் விழுந்தது. ஆனால், யாரும் யாரையும் ஏசுவதாகத் தெரியவில்லை. இருவர் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று கேட்டால், "ஒரு தொன்தெரீயாவுக்காக" என்று பதில் வரும்; அற்பக் காரணம் என்று பொருள். ஒருநாள் அடுத்த மேசைக்காரர், "பரேத்தே ஊனா தொன்தெரீயா, பேரோ..." என்று தயங்கித் தொடங்கினார். 'அற்பமாகத் தோன்றலாம், ஆனால்...' என்று பொருள்படும் அந்தத் தொடக்கத்திற்குப் பின் அவர் காட்டியது, திரையில் இருந்த 1.250 என்ற எண்ணை. ஸ்பெயினில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் பின்னத்திற்குக் காற்புள்ளியும் இடுவது வழக்கம் என்பதால், ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோவை எங்கள் நிரல் ஒன்றேகால் யூரோவாகப் படித்துக்கொண்டிருந்தது. அந்தத் தொடக்கத்தைக் கேட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இந்தத் துணிச்சலில்தான் தவறு செய்தேன். இரண்டு நாள் உழைத்து ஒரு சோதனை அறிக்கையைத் தயாரித்திருந்த சக ஊழியரிடம், அதிலிருந்த பிழை ஐந்து நிமிடத்தில் திருத்திவிடக்கூடியதே என்று ஆறுதல் சொல்லும் எண்ணத்தில், கூட்டத்தின் நடுவே "எஸ் ஊனா தொன்தெரீயா" என்றேன். அவர் எதுவும் பேசாமல் மடிக்கணினியைப் பாதி மூடினார். பிற்பகல் காப்பி நேரத்தில் அவரே பொறுமையாக விளக்கினார்: தன்னுடைய வேலையைத் தான் அப்படிச் சொல்லிக்கொண்டால் அடக்கம், பிறர் சொன்னால், அந்த உழைப்பு முழுவதையும் வெற்றுப் பேச்சு என்று தள்ளியதாகும். சிறிய பிழை என்பதைச் சொல்ல, 'விவரம்' என்று பொருள்படும் 'தெத்தாயே' போதுமாம்.

எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டுப் பந்தி நினைவுக்கு வந்தது. இலை நிறையப் பரிமாறிவிட்டு, "பெரிதாக ஒன்றும் செய்யவில்லை" என்று அம்மா சொல்லலாம். சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு அதே வாக்கியத்தைச் சொன்னால் எப்படி இருக்கும்! இந்த நுட்பத்தைத் தமிழில் பிறவியிலேயே அறிந்திருந்தும் வேற்று மொழியில் தவறவிட்டேனே என்று உண்மையாகவே வருந்தினேன். அன்று மாலையே மன்னிப்பும் கேட்டேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, அவர் செவில் மாகாணத்து எஸ்தேப்பாவிலிருந்து ஒரு பெட்டி போல்வொரோன் கொண்டுவந்து, "உனக்கு ஒரு தொன்தெரீயா" என்று நீட்டினார். மாவும் பாதாமும் கொழுப்பும் சேர்த்துச் செய்யும் இனிப்பு அது. இரு முனையும் முறுக்கிய மெல்லிய தாளில் இருக்கும். பிரித்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் என்பதால், தாளோடு உள்ளங்கையில் வைத்து அழுத்தி இறுக்கிய பிறகே பிரிக்க வேண்டும் என்று என் விரல்களை மடக்கிக் காட்டினார்.

மறு ஆண்டு விடுமுறை முடிந்து மதுரையிலிருந்து திரும்பியபோது, அவருக்கு எள்ளுருண்டை கொண்டுபோனேன். "தே எ த்ராயிதோ ஊனா தொன்தெரீயா", அதாவது 'உனக்கு ஒரு தொன்தெரீயா கொண்டுவந்திருக்கிறேன்' என்று சொல்லிப் பொட்டலத்தை வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து, பழக்கத்தில் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "கே தெத்தாயே!" என்றார். சிறு பிழைக்கென்று அவர் கற்றுத்தந்த அதே சொல், பரிசைக் கையில் வாங்கியவர் வாயில் 'எவ்வளவு அன்பு!' என்று பொருள்படும்.