கண்ணாடி டம்ளரின் விளிம்பு தெரிய

போனில் படமெடுக்கும்போது கண்ணாடிப் பொருளுக்கு முன்னாலிருந்து விளக்கடிக்காதீர்கள். ஒளியில் பெரும்பகுதி அதைக் கடந்து போய்விடும்; படத்தில் மிஞ்சுவது பல்பின் வெள்ளைப் புள்ளிதான். வெளிச்சம் பின்னாலிருந்து வரட்டும்.

டம்ளருக்கு ஒன்றரை அடி பின்னால் டிரேசிங் பேப்பரை நிமிர்த்தி ஒட்டுங்கள். அதற்கும் ஓரடி பின்னால் 9 வாட் எல்இடி போட்ட மேசை விளக்கு. குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அது அதிகம் சூடாகும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. வளைந்த ஓரம், பக்கவாட்டில் இருப்பதைத்தான் வளைத்துக் காட்டும். அங்கேயும் வெள்ளை இருந்தால் விளிம்பு பின்னணியில் கரைந்துவிடும். அதனால் இரு பக்கமும், போன் திரையில் தெரியும் படச் சட்டத்துக்குச் சற்று வெளியே, கருப்பு சார்ட் அட்டையை நிறுத்துங்கள். அட்டையை ஒரு விரற்கடை உள்ளே நகர்த்தினாலே, மை தீட்டியதுபோல் விளிம்பில் கறுங்கோடு தடிப்பதைத் திரையில் பார்க்கலாம். டிரேசிங் பேப்பரும் சட்டத்தை நிரப்பும் அளவுக்கு இருந்தால் போதும்.

பின்னணி சாம்பலாக விழுந்தால் போனில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை ஏற்றுங்கள். இந்த வெளிச்சத்தில் ஒரு கைரேகைகூடத் தப்பாது. துடைத்தபின் டம்ளரைத் துணியால் பிடித்தே வையுங்கள்.