செவலையும் என் இடது கையும்: கறக்கப் பழகிய 44 நாள்

குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது. கட்டுத்தாரையில் நிற்பது ஒரே ஒரு மாடு. ஜெர்சி கலப்பு, பெயர் செவலை, கன்று போட்டு மூன்று மாதம். காலையில் ஆறு லிட்டர், மத்தியானம் நாலு. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒற்றை மாட்டுக்காகக் கறவைக்காரர் யாரும் வண்டி எடுத்து வருவதில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான்தான் மிச்சம். சின்ன வயதில் காம்பைப் பிடித்து விளையாடியதோடு சரி, ஒரு சொம்பு கூடக் கறந்ததில்லை.

நாள் 1, காலை 5 மணி. 35 நிமிடம், ஒன்றேமுக்கால் லிட்டர். விரல் எல்லாம் மரத்துப்போனது. நான் அழுத்த அழுத்தக் காம்பிலிருந்த பால் கீழே வராமல் மேலேயே ஏறியது. அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே, "மேல பூட்டு சாமி, அப்பறம் அமுக்கு" என்றார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் காம்பின் அடிவாரத்தை, அதாவது மடியோடு ஒட்டிய இடத்தை, முதலில் இறுக்க வேண்டும். அதுதான் பூட்டு. பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொன்றாக மூட வேண்டும். கையைத் திறந்தால் காம்பில் மறுபடி பால் நிறையும். இழுக்கவே வேண்டாம். ஊரில் பலர் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கறப்பார்கள், வேகமாக வரும். ஆனால் மடக்கிய மூட்டு காம்பின் உள்பக்கத்தை நசுக்கிக்கொண்டே இருக்கும். அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை.

நாள் 3. இரண்டு லிட்டர். மடி என்னவோ கல் மாதிரி நிறைந்துதான் இருக்கிறது, பால் மட்டும் நின்றுவிடுகிறது. மடியைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்ததுதான் என் தப்பு. காம்புக்கு மேலே உள்ள பையில் தேங்கி நிற்பது மொத்தப் பாலில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி, மடிக்குள் திராட்சைக் குலை மாதிரி இருக்கும் நுண்ணிய பால் பைகளிலும் முடி போன்ற குழாய்களிலும் நிற்கிறது. எவ்வளவு பிசைந்தாலும் அது வராது, மாடாகப் பார்த்து இறக்கினால்தான் உண்டு. மூன்று நாளும் நான் பெரும்பாலும் அந்தப் பையில் தேங்கிய பாலைத்தான் கறந்திருக்கிறேன்!

"சுரப்பு விடுவது" என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். கன்று முட்டினாலோ, காம்பைத் தேய்த்துக் கழுவினாலோ அந்தத் தொடு உணர்வு மூளைக்குப் போய், பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்குகிறது. அது மடிக்கு வந்து, பால் பைகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய தசைகளைச் சுருக்கிப் பிழிகிறது. இதற்குச் சுமார் ஒரு நிமிடம் ஆகும். வேலை செய்வதும் ஐந்தாறு நிமிடம்தான். நானோ கழுவிவிட்டு, வாளி எடுக்க உள்ளே போய், போனை ஒரு பார்வை பார்த்து, முக்காலி தேடி வந்து உட்காருவேன். சுரப்பு வந்து போயே போயிருக்கும்.

நாள் 6. எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன். கன்றை அவிழ்த்துவிட்டு நாலு காம்பிலும் ஊட்டக் கொடுத்து, இழுத்துக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் காம்பைக் கழுவி, தனித் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, உட்கார்ந்தேன். கைக்குள் காம்பு தடித்து விறைப்பது தெரிந்தது. அது ஒரு தனிச் சுகம், அனுபவித்தவருக்குத்தான் தெரியும். நாலேகால் லிட்டர், 22 நிமிடம்.

அன்று மத்தியானமே தலைகீழ். பாதியில் அலுவலகக் கூட்டத்துக்கான அலாரம் பையில் அலறியது. செவலை துள்ளி, வாளியில் ஒரு கால் வைத்து, பாலை அடக்கிக்கொண்டது. பயந்தால் அட்ரினலின் ஏறி, ஆக்சிடோசினை மடிக்கு வரவிடாமல் தடுத்துவிடும். கெஞ்சியும் பயனில்லை. அன்றிலிருந்து போன் சமையலறை அலமாரியில்.

நாள் 9. பால் ஊற்றும் சொசைட்டியில் கொழுப்பு 3.1 சதவீதம் என்று சீட்டு வந்தது. அம்மா கறந்த காலத்தில் 4.1. தண்ணீர் கலந்தவனைப் பார்ப்பது போல வரிசையில் இரண்டு பேர் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து சீட்டைக் காட்டினேன். "வெண்ணெய மடியிலயே உட்டுட்டுத் தண்ணிய ஊத்திட்டு வந்திருக்கற" என்றார் அம்மா. நிஜமாகவே அப்படித்தான். கொழுப்பு உருண்டைகள் பால் பைகளில் தங்கி, கடைசியாகத்தான் இறங்கும். முதல் பீய்ச்சலில் கொழுப்பு இரண்டு சதவீதத்துக்குள் கூட இருக்கும். கடைசிப் பாலில் அதைப்போல மூன்று நாலு மடங்கு. நான் கை வலிக்கிறதென்று கடைசி அரை லிட்டரை விட்டுவிட்டேன். போதாததற்குக் காலைப் பாலே கொஞ்சம் மெலிவு. மூன்று மணிக்குக் கறந்து மறுநாள் காலை ஐந்துக்குக் கறந்தால் 14 மணி நேர இடைவெளி. பால் கூடும், கொழுப்பு குறையும். மத்தியானப் பால் அளவில் குறைந்தாலும் திடமாக இருக்கும்.

நாள் 12. ஐந்தரை லிட்டர், 14 நிமிடம், கொழுப்பு 3.8. விளக்கெண்ணெய் தொட்டுக் கறப்பதை விட்டேன். வழுக்கலுக்கு நல்லதுதான், ஆனால் கையிலிருந்து அழுக்கோடு வழிந்து வாளியில் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மனசு வரவில்லை. அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை.

இன்னொன்றும் அன்றுதான் கவனித்தேன். காலி வாளியில் முதல் பீய்ச்சல் 'சர்ர்' என்று தகரச் சத்தம் போடும். நுரை கட்டியதும் அது 'சொர்க், சொர்க்' என்று அமுங்கிவிடும். அம்மா திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே, "எடது கை தூங்குது" என்பார். தூங்கத்தான் செய்தது.

நாள் 20. மோசமான நாள். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுவேன். காம்பு நுனியில் இருக்கும் கிருமி அதோடு போய்விடும், பாலில் கோளாறு இருந்தாலும் கறுப்பில் தெரியும். வலது பின்காம்பில் திரித்திரியாக விழுந்தது. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூள் கரைத்து, காம்பு வாரியாகப் பாலும் கரைசலும் சம அளவு கலந்து சுழற்றினேன். மூன்று கிண்ணம் தண்ணீராகவே ஓடியது. நாலாவது கஞ்சி மாதிரி கட்டியது. மடிநோய்.

எப்படி வந்தது என்று யோசித்தால் பழி என் மேல்தான். கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் போல ஆகும். அதுவரை மாடு நிற்க வேண்டும். நான் புண்ணாக்கு, தவிடு எல்லாவற்றையும் கறக்கும்போதே காட்டி முடித்துவிடுவேன். தின்ன ஒன்றும் இல்லாததால் செவலை உடனே ஈரத்தரையில் படுத்துக்கொண்டது. திறந்த வாசல் வழியே சாணியும் மூத்திரமும்!

கால்நடை டாக்டர் வந்து காம்புக்குள் மருந்து ஏற்றினார். மடி நாலு அறைகள். ஒன்றின் பால் இன்னொன்றுக்குப் போகாது. ஆனால் மருந்து ரத்தம் வழியாக நாலுக்கும் போகும். அதனால் மொத்தப் பாலையும் அவர் சொன்ன நாள் வரை குழி வெட்டிக் கொட்டினோம். சொசைட்டியில் ஊற்றினால் யாராவது குடிப்பார்கள். தயிர் கூட உறையாது. அம்மா தன் பங்குக்கு, கால்நடை பல்கலைக்கழகத்தார் சொல்லும் மரபு மருந்தை அரைக்கச் சொன்னார்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15. அரைத்ததும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். மடியெங்கும் பூசினேன். எது கேட்டதென்று செவலையைத்தான் கேட்க வேண்டும். அந்தக் காம்பை எப்போதும் கடைசியாகக் கறந்து, உடனே சோப்பால் கை கழுவினேன்.

அப்போதிருந்து கறந்ததும் நாலு காம்பையும் அயோடின் கரைசலில் முக்குகிறேன். சோளத்தட்டையும் கோ-4 தீவனப் புல்லையும் கறந்த பிறகுதான் போடுகிறேன். தின்றுகொண்டே நிற்கிறது.

இதற்கிடையே படித்த ஒரு கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. ஒரு லிட்டர் பால் ஊற, மடி வழியே 400 முதல் 500 லிட்டர் ரத்தம் ஓட வேண்டுமாம். செவலையின் பத்து லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல். பிற்பகலில் அசை போட்டபடி சும்மா படுத்திருக்கிறதே என்று இனி எந்த மாட்டையும் சொல்ல மாட்டேன்.

நாள் 44. மாவுக்கட்டு பிரித்து இரண்டு நாளாகிறது. அம்மாவால் பிடிக்க முடிகிறது, பூட்ட முடியவில்லை. இன்று காலை ஐந்தேமுக்கால் லிட்டர், எட்டு நிமிடம், கொழுப்பு 4.0. வலது பின்காம்பு மட்டும் முன்போல் இல்லை, பின்காம்புகளில்தான் பால் அதிகம் என்பதால் அந்தக் குறை சீட்டிலேயே தெரிகிறது. அடுத்த கன்றுக்கு முன்னால் 60 நாள் பால் வற்ற விட வேண்டும். அதை இனிமேல்தான் கற்க வேண்டும்.

வாளியைத் தூக்கிக்கொண்டு திண்ணைப் பக்கம் வந்தேன், ஏதாவது பாராட்டு வருமென்று. அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"எடது கை இன்னும் தூங்குது."