கார் அடிப்பக்கத் துருவோடு ஆறு நாள்

அப்பாவின் 1998 மாருதி 800 பதினைந்து வருஷம் ஏற்காட்டில் நின்றது. நாகலூர் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஷெட் கிடையாது. வெறும் மண் தரை, தலைக்கு மேல் சில்வர் ஓக் மரம். கடலோரத்தில் உப்புக்காற்று தகரத்தைத் தின்னும். மலையில் அந்த வேலையைக் காயாத சேறும் பனிமூட்டமும் செய்கின்றன.

இப்போது கார் சேலம் கோரிமேட்டில் என்னிடம் இருக்கிறது. மார்ச் கடைசியில், வாட்டர் வாஷ் செய்த மறுநாள், டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினால் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. அதையும் விலக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் ‘டங்’கென்று கேட்க, ஓரத்தில் மட்டும் ‘டப்’பென்று செத்த சத்தம்.

இத்தனைக்கும் ஐந்து வருஷம் முன்பு வெளியில் காசு கொடுத்து அடிப்பக்கம் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தேன். கழுவிய ஈரம் காயாமலே அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தால் தோசை மாதிரி உரிந்து வந்தது. அதன் உள்பக்கம் முழுக்கச் செம்பொடி. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் துரு கண்ணுக்குத் தெரியாமல் நிதானமாக வளரும். ஒன்றுமே அடிக்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு போயிருக்காது என்று நினைக்கிறேன். மாருதி 800 உற்பத்தியை 2014இல் நிறுத்திவிட்டார்கள். இருக்கிற பாடியைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி. சரி, இந்த முறை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இரும்பு ஸ்டாண்டு இரண்டு இரவல் வாங்கினேன். சிமென்ட் தரையில் நிறுத்தி, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முதலில் பின்பக்கம், அது முடிந்தபின் முன்பக்கம். கழற்றிய சக்கரங்களையும் கதவுக்குக் கீழே படுக்கப்போட்டேன். ஒருவேளை ஸ்டாண்டு நழுவினாலும் கார் அதன்மேல் உட்காரும். உள்ளே போகும் முன் காரை நன்றாகக் குலுக்கிப் பார்த்தேன்.

கழுவ ஒரு முழு நாள் ஆனது. சேறு அதிகம் ஒளிந்திருப்பது மட்கார்டின் உள் மடிப்பில்; விரலை மேல்நோக்கி வளைத்துத் துழாவினால்தான் தெரியும். அடுத்தது கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி. உள்ளே போகும் தண்ணீர் வடிய அதன் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. என் காரில் எல்லாமே பழைய கோட்டிங்கில் அடைந்து கிடந்தன. சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தித் திறந்தபோது செம்மண் குழம்பும் மக்கிய இலையும் ஒரு டம்ளர் அளவுக்கு வழிந்தன. எத்தனை மழைக்காலம் உள்ளேயே தேங்கியிருந்ததோ! மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. கதவுகளின் அடி ஓட்டைகளையும் அப்படியே திறந்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. கார்ப்பெட்டை மாடியில் காயப்போட்டு, கதவுகளைத் திறந்துவைத்தேன். சேலத்து ஏப்ரல் வெயில் இதற்கென்றே இருக்கிறது. மலையில் இருந்திருந்தால் இந்த வேலையைத் தொடங்கியே இருக்க மாட்டேன்.

பக்கத்துத் தெருவில் முப்பது வருஷம் டிங்கரிங் பார்த்த ஒரு அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, சுரண்டறப்போ தகரம் கையோட வந்தா வரட்டும். அதுக்குப் பயந்துட்டு மேல பெயின்ட் அடிச்சிராதீங்க” என்றார். வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதை அவரே வெட்டி எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார்.

மற்ற இடங்களில் கம்பி பிரஷ், எமரி பேப்பர்தான். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். உதிர்வதெல்லாம் நேராக முகத்தில் விழும். பெட்ரோல் டேங்க் பக்கம் கிரைண்டர் கூடாது, தீப்பொறி பறக்கும். அங்கே கையாலேயே தேய்த்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய ரஸ்ட் கன்வர்ட்டரை, அதாவது துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் திரவத்தை, தேய்த்த பிறகும் ஒட்டியிருந்த மெல்லிய துருவின்மேல் பூசினேன். நான் வாங்கியது டானிக் அமிலம் கலந்தது. இரும்பில் கடுக்காய்ச் சாறு பட்டால் கறுக்குமே, அதே வேதியியல்தான். செம்மை மெல்ல மெல்ல நீலம் பாய்ந்த கறுப்பாக மாறுவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ரெட் ஆக்ஸைடு இரண்டு கை. அது நன்றாக இறுகியபின் தார் கலந்த ரப்பர் கோட்டிங்கை இரண்டு அங்குல பிரஷ்ஷால் மெல்லிசாக அடித்தேன். சைலன்சர், பிரேக், ரப்பர் புஷ்கள் இவற்றில் படாமல் செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் சுற்றியிருந்தேன். வடிகால் ஓட்டைகளில் தீக்குச்சி செருகி, அடித்து முடித்ததும் உருவிவிட்டேன்.

பழைய என்ஜின் ஆயிலைப் பூசச் சொல்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். ரப்பர் உப்பிப் போகும், சொட்டுகிற இடத்தில் மண்ணும் கெடும்.

ஐப்பசி மழையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய்வந்தேன். மறுநாள் கழுவிவிட்டு அடியில் பார்த்தேன். ஜாக்கி வைத்த இடத்தில் கோட்டிங் நசுங்கி, காசளவுக்குச் சிவந்திருந்தது. அதை மட்டும் தேய்த்து மறுபடி பூசினேன். கதவுக்கடி ஓட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கார்ப்பெட் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது.