பிள்ளையின் அறைக்குக் கன்று தேடிய கதை

எனக்கு அப்போது ஏழாம் மாதம். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். காலி வீதிப் பக்கம் இருக்கும் 10 அடிக்கு 10 அடி அறையைப் பிள்ளைக்கென்று ஒதுக்கிப் புதுப் பெயின்ட் அடித்து, மரத்தூள் பலகையில் செய்த அலுமாரி ஒன்றும் வாங்கி வைத்திருந்தோம். அதன் கதவைத் திறந்தால் கண் கரிக்கும். "காற்றைச் சுத்தமாக்கிற கன்றுகள் இருக்கு, நாலைந்து வாங்கி வையுங்கோ, மணமெல்லாம் போயிடும்" என்று இவருடைய நண்பர் ஒருவர் சொன்னார். பிள்ளைக்கு நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கிவிடுகிற காலம் அது.

அடுத்த ஞாயிறே வீதியோரத்துக் கன்றுக் கடை ஒன்றில் இறங்கினோம். வயிற்றைப் பார்த்ததுமே கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "பேபி ரூமுக்கா மிஸ்?" என்று கேட்டு மூன்று சாடிகளை எடுத்து வைத்தார். பீஸ் லில்லி, பாம்புத்தோல் மாதிரி வரி விழுந்த ஸ்நேக் பிளாண்ட், பெரிய புள்ளி இலைகளோடு டீபன்பேக்கியா. பிள்ளைக்கு ஆபத்தில்லையா என்று கேட்டேன். "கிசி பிரஸ்னயக் நே." ஒரு பிரச்சினையும் இல்லையாம். சரி என்று ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டில் அம்மா இருந்தார். டீபன்பேக்கியா இலையைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "உது சேம்பு மாதிரியெல்லோ கிடக்கு. கை கடிக்காதே?" என்று கேட்டார்.

அம்மாவுக்குத் தாவரவியல் தெரியாது. ஆனால் கரணைக்கிழங்கு வெட்டினால் கை கடிக்கும், புளி விடாமல் சமைத்தால் தொண்டை அரிக்கும் என்பது தெரியும். அன்றிரவு போனில் தேடிப் பார்த்தபோதுதான் அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று விளங்கியது. டீபன்பேக்கியாவும் பீஸ் லில்லியும் சேம்பும் கரணையும் ஒரே குடும்பம். இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒக்சலேற்று என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாய் இருக்கிறது. கடித்தால் அந்த ஊசிகள் உதட்டிலும் நாக்கிலும் ஏறி எரியும், வீங்கும், வீணீர் வடியும். டீபன்பேக்கியாவை ஆங்கிலத்தில் ஊமைத்தண்டு என்று பொருள்படும் பெயரால் அழைப்பதே, கடித்தவனால் கொஞ்ச நேரம் பேச முடியாது என்பதால்தான்.

அந்தக் குடும்பத்தை அறிந்துகொண்ட பிறகு கொழும்பு வீடுகளில் எங்கு திரும்பினாலும் அதுதான் தெரிந்தது. மணி பிளாண்ட், அந்தூரியம், கலேடியம், அக்லோனிமா, பிலொடென்ட்ரன், மொன்ஸ்டெரா, இப்போது எல்லா அலுவலக வரவேற்பறையிலும் நிற்கும் ஸீஸீ பிளாண்ட் எல்லாம் சேம்பின் சொந்தக்காரர்கள். ஸ்நேக் பிளாண்ட் வேறு குடும்பம் என்றாலும் அதில் சப்போனின் இருக்கிறது, தின்றால் வாந்தி வரும். யாழ்ப்பாணத்தில் அலரிக்கொட்டையைத் தொடக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடையில் சாடியோடு காசு கொடுத்து வாங்குவதை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை, நான் உட்பட.

மூன்றையும் பல்கனிக்குக் கடத்திவிட்டு, 'காற்றைச் சுத்தமாக்கும்' என்பதாவது உண்மையா என்று பார்த்தேன். எல்லோரும் நாசாவைத்தான் கைகாட்டுகிறார்கள். 1989இல் வொல்வர்டன் என்பவர் நாசாவுக்காகச் செய்த ஆய்வு அது. காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் ஒரு கன்றை வைத்து, பென்சீன், போமல்டிஹைட் போன்ற வாயுக்களை விட்டுப் பார்த்தார்கள். அளவு குறைந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் எங்கள் வீடு மூடிய பெட்டி இல்லையே. யன்னல் இடுக்காலும் கதவாலும் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் இருவர் இப்படியான பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சாதாரணமாக ஒரு கட்டடத்துக்குள் வந்து போகும் காற்றே செய்கிற வேலையைக் கன்றுகள் செய்வதென்றால் ஒரு சதுர மீற்றருக்கு 10 முதல் 1,000 கன்றுகள் வரை வேண்டும்.

எங்கள் அறை 9.3 சதுர மீற்றர். ஆகக் குறைந்தது 93 சாடி. தொட்டிலை எங்கே வைப்பது என்று இவர் கேட்டார்.

அலுமாரி மணத்துக்கு வழி சாதாரணமானதாகவே இருந்தது. அதைப் பல்கனிக்கு இழுத்துக் கதவுகளையும் லாச்சிகளையும் திறந்து ஆறு கிழமை விட்டோம். அறை யன்னலைப் பகல் முழுவதும் திறந்து, வாசலில் மேசை மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து ஓடவிட்டோம். மணம் போய்விட்டது. ஒரு கன்றும் இல்லாமலே.

அப்படியானால் கன்று எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கன்று வேண்டும். யன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகளும் மின்கம்பிகளும்தான் தெரியும். இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருக்கும்போது கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது தெரியவேண்டும் என்று ஆசை. அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். எது காற்றைச் சுத்தமாக்கும் என்பதை விட்டுவிட்டு, பிள்ளை இலையைப் பிய்த்துத் தின்றாலும் எது பரவாயில்லை என்று தேடினேன்.

இரண்டாம் முறை பத்தரமுல்லை தியத்த உயனவுக்குப் போனோம். அங்கே கன்றுக் கடைகள் வரிசையாக இருப்பதால் பார்த்து வாங்கலாம். இந்தமுறை கையில் துண்டுக் கடதாசி இருந்தது. கடைப் பெயர்களை நம்பாமல் விஞ்ஞானப் பெயர்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன், ஏனென்றால் பெயரில்தான் பெரிய கிடங்கு. பீஸ் லில்லி லில்லியே இல்லை. பொஸ்டன் பேர்ன் பாதுகாப்பானது, ஆனால் அஸ்பரகஸ் பேர்ன் என்று விற்பது பேர்னே இல்லை, அதன் சிவப்புப் பழங்கள் வயிற்றைக் குழப்பும். அரேக்கா பாம் பிரச்சினை இல்லாதது, சேகோ பாம் என்கிற சைக்கஸோ பாமும் இல்லை, ஈரலையே கெடுக்கக்கூடிய நஞ்சு அது. அடுத்தடுத்த சாடியில் இரண்டும் நின்றன.

அரேக்கா பாம், ஸ்பைடர் பிளாண்ட், பொஸ்டன் பேர்ன், கலத்தியா, பெப்பரோமியா என்று ஐந்து வாங்கினேன். ஐந்தும் நஞ்சில்லாதவை. ஆனால் மூன்று அறையில் தங்கவில்லை. கலத்தியாவுக்கு ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளாமல் இரண்டே கிழமையில் இலை ஓரமெல்லாம் கருகியது. பேர்ன் நாள் முழுக்கச் சின்னச் சின்ன இலைகளை நிலத்தில் கொட்டியது. நஞ்சு இல்லாவிட்டாலும் தவழுகிற பிள்ளையின் தொண்டையில் அது ஒட்டிக்கொண்டால்? அது குளியலறை யன்னலுக்குப் போய் அங்கே நன்றாக வளர்கிறது. பெப்பரோமியாவை நானே தண்ணீர் விட்டு விட்டு அழுகவைத்தேன்.

மிஞ்சியவை அரேக்காவும் ஸ்பைடர் பிளாண்டும். அவற்றிலும் கன்றைவிடச் சாடிதான் யோசிக்க வைத்தது. கடையில் மண்ணின் மேல் வெள்ளைக் கூழாங்கல் பரப்பித் தருவார்கள், பார்க்க வடிவாக இருக்கும். சரியாகப் பிள்ளையின் தொண்டை அளவு கல். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தேன். மண்ணில் மஞ்சள் மணிகள் மாதிரி உரம் கலந்திருந்தது, அது இனிப்பு மாதிரியே இருந்ததால் மண்ணையும் கொட்டிப் புது மண்ணும் தும்புத்தூளும் போட்டேன். எழுந்து நிற்கப் பழகும் பிள்ளை எதையும் பிடித்து இழுக்கும் என்பதால் அரேக்காவைப் பாரமான சீமெந்துச் சாடிக்கு மாற்றி அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இறுக்கினோம். ஸ்பைடர் பிளாண்ட் யன்னல் கிறில்லில் தொங்கியது, தொட்டிலுக்கு நேர் மேலே இல்லாமல்.

மகள் பிறந்தாள். கொக்குவிலிலிருந்து மாமி வந்தார். அரேக்காவைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கியது. இரவில் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது என்று வளர்ந்தவர், பிள்ளை படுக்கிற அறைக்குள் மரத்தை வைப்பதா? மாமி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, இரவில் கன்றுகள் காபனீரொட்சைட்டு விடுவது உண்மைதான். ஆனால் ஒரு சாடி விடுவது, பக்கத்துக் கட்டிலில் படுக்கிற நான் விடுவதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. "அப்ப உன்னையெல்லோ முதல்ல வெளியில விடவேணும்" என்றார் மாமி. அத்தோடு அந்த வழக்கு முடிந்தது.

சாம்பிராணி வழக்கு அப்படி முடியவில்லை. தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை காய அறைக்குள்ளேயே சாம்பிராணி பிடிப்பார். பின்னேரம் ஆனால் நுளம்புத்திரி. அதே அறை, யன்னல் மூடி. எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை, துடக்குக் காலத்தில் என்னைத் தாங்கியது அவர்தான். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்தான் வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினார். புகை எந்தப் புகையானாலும் சின்னப் பிள்ளையின் நுரையீரலுக்குக் கூடாது என்று மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் மூன்று நாள் பேச்சு நின்றிருக்கும். அன்றிலிருந்து சாம்பிராணி சாமிப் படத்தடியில் மட்டும், பிள்ளை அறைக்குள் கதவு சாத்தி இருக்கும்போது. தலை துவாயால் காய்ந்தது. நுளம்புத்திரிக்குப் பதில் தொட்டிலுக்கு நுளம்பு வலை. காற்றைச் சுத்தமாக்க நான் செலவழித்த காசு எல்லாவற்றையும்விட இந்த இரண்டும் கூடப் பலன் தந்தன, ஒரு சதமும் போகவில்லை, வலையும் அன்பளிப்பாக வந்தது.

நுளம்பு என்றதும் இன்னொன்று. கொழும்பில் கன்று வளர்க்கிறவர் முதலில் பயப்படவேண்டியது டெங்குவுக்குத்தான். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருஷத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. சாடியின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீர் அந்த நுளம்புக்குப் போதும், முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள்தான். அடித்தட்டுகளை மணலால் நிரப்பிவிட்டேன். மாமி கொக்குவிலிலிருந்து ஹோர்லிக்ஸ் போத்தலில் தண்ணீர் விட்டுக் கொண்டுவந்த மணி பிளாண்டை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குச் செல்வம் வரும் என்று கொண்டுவந்தது. குசினியில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருந்தது.

ஜூன் மழைக்குப் பிறகு பிஎச்ஐ என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அரேக்காவின் தட்டைப் பார்த்தார், தலையாட்டினார். போத்தலுக்குள் டோர்ச் அடித்தார். நல்ல வேளை, புழு இல்லை. இருந்திருந்தால் வழக்கே வைக்கலாம், நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அன்றே அதை மண்ணுக்கு மாற்றினேன். மண்ணைக் கண்டதும் அது வாழத் தொடங்கியது. கொடி குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தால் இறங்கி இறங்கி நிலத்துக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. நான் அதைத் தினமும் பார்த்தேன். வடிவாக இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

மகளுக்கு எட்டாம் மாதம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒரு அலறல். திரும்பினால் கையில் அரை இலை, வாய் எல்லாம் வீணீர். அவளுடைய அறையில் இருந்த ஒவ்வொரு கல்லையும் பொறுக்கிய நான், தவழுகிற பிள்ளைக்கு வீடு முழுக்க அறைதான் என்பதை யோசிக்கவே இல்லை.

ஈரத் துணியால் வாயைத் துடைத்து, இலைத் துண்டுகளை விரலால் எடுத்து, பால் கொடுத்தேன். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்று வாசித்தது ஞாபகம் வந்தது, வந்த பாதையாலேயே எரித்துக்கொண்டு திரும்பி வரும். கீழ் உதடு தடித்திருந்தது. மூச்சு சாதாரணமாகத்தான் இருந்தது, என்றாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டொக்டர் முதலில் கேட்டது, "இலையைக் கொண்டுவந்தீங்களா?" இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் டொக்டரின் முகம் இளகியது. இரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் வீக்கம் வடிந்துவிட்டது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் ஒன்று இருக்கிறது, அதன் இலக்கத்தை இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், எல்லாச் சாடியிலும் கன்றின் பெயரை எழுதியிருக்கிறேன்.

மாமி அன்று சாப்பிடவில்லை. அடுத்த கிழமை ஊருக்குப் போகும்போது மணி பிளாண்டைத் தானே வேரோடு பிடுங்கி, ஈரக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பல்கனியில் கிடந்த டீபன்பேக்கியாவையும் கேட்டார், கொடுக்கவில்லை, பிள்ளை விடுமுறைக்கு அங்கேயும் வருவாளே. மணி பிளாண்ட் இப்போது கொக்குவிலில் பின்மதிலில் ஏறி நிற்கிறது. ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு இலை விடாமல் வெட்டி வைத்திருப்பதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை தோறும் படம் அனுப்புகிறார்.