அறிவித்தல் பக்கத்தில் தேடிப் பிடித்த வகுப்பு

காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். வீட்டில் இதற்காக ஏச்சு வாங்குவதுண்டு. ஆனால் 1974இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்த எங்கள் கணித வகுப்பில் பாதிப் பேரை நான் கண்டுபிடித்தது அந்தப் பக்கத்தில்தான்.

50 வருடம் ஆகிறது, ஒருமுறை கூடுவோம் என்று கொழும்பில் இருப்பவன் ஒருவன் தொடக்கி வைத்தான். தேடுகிற வேலை என் தலையில். கையில் ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்த வகுப்புப் படம், போரால் ஊரே வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வோடு போயிற்று. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை, படத்தைப் பற்றி யார் கேட்டது? நண்பன் ஒருவனின் அம்மா மட்டும் மகனின் படத்தைச் சேலைக்குள் சுற்றித் தென்மராட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அது பிறகு ரொறன்ரோவுக்குப் போய், அங்கிருந்து வட்சப்பில் எனக்கு வந்தது.

படத்தில் 42 பேர். கீழே முதலெழுத்தும் பெயரும். அது எங்களுக்கு உதவவில்லை. பட்டப்பெயரில் ‘ரயர்’ யார், ‘கோவா’ யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களின் சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் அறிவித்தல் பக்கம் கைகொடுத்தது. நம்மூர் மரண அறிவித்தலில் இல்லாத விபரம் இல்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். யாருடைய மகன், யாருடைய மருமகன், சகோதரர்கள் எந்தெந்த நாட்டில் என்று போய், கடைசியில் தொலைபேசி எண்ணும் இருக்கும். அறிவித்தலில் உள்ள படத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை, எழுபது வயது முகத்தில் பதினெட்டை எங்கே தேடுவது? ஊரைப் பார்க்க வேண்டும். தகப்பன் பெயரும் எங்கள் படத்து முதலெழுத்தும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் செல்லப்பெயர் போட்டிருந்தால் நம் அதிர்ஷ்டம். இறந்தவர் எங்கள் வகுப்பாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தாயோ அண்ணனோ போனால், சகோதரர் வரிசையில் எங்கள் ஆள் நாட்டுப் பெயரோடு வந்து நிற்பான். உயிரோடு இருப்பவர்களில் பலர் அப்படித்தான் அகப்பட்டார்கள்.

முதல் வீட்டுக்கு, ஆள் இறந்த மூன்றாம் நாளே தொலைபேசி எடுத்துவிட்டேன். “உங்களுக்கு வேற நேரம் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டு வைத்துவிட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியும்வரை பொறுத்தேன். அந்த நேரத்தில் வீட்டுக்காரருக்கும் ஆறுதலாகக் கதைக்க ஆள் வேண்டியிருக்கும். நோர்வேயில் ஒருவனின் மகள், “அப்பா பள்ளிக்கூடத்தில எப்பிடி இருந்தவர் அங்கிள்?” என்று கேட்டாள். கணக்கில் கெட்டிக்காரன், மதில் பாய்ந்து படம் பார்க்கப் போவதில் அதைவிடக் கெட்டிக்காரன் என்றேன். ஒரு மணித்தியாலம் விடவில்லை. வைக்கும்போது, தகப்பனின் பழைய டயறியில் இருந்து இரண்டு பேரின் எண்களைத் தந்தாள். இருவரும் வகுப்பில் எங்கள் வாங்கில் (பெஞ்சில்) இருந்தவர்கள்.

கணக்குப் பார்த்தால் 13 பேர் போய்விட்டார்கள், 20 பேர் தொடர்பில், 9 பேர் கிடைக்கவே இல்லை. அந்த ஒன்பதில் சிலர் எண்பதுகளில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டவர்கள், திரும்பி வரவில்லை. அவர்களுக்கு எந்தப் பேப்பரிலும் அறிவித்தல் வரவில்லை. ஒருவனின் தாய் அண்மையில் இறந்தார். பிள்ளைகள் வரிசையில் அவன் பெயரும் இருந்தது. அதற்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடவில்லை. எங்கள் பட்டியலிலும் நான் போடவில்லை.

சரி, திகதி. அது பெரிய தலையிடி. பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குத்தான் வெளிநாட்டுக்காரர் வருவார்கள், ஆடி ஆவணியில். அதே காலத்தில் நல்லூர்க் கந்தன் கோவிலில் திருவிழாக் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) கிடையாது. வருபவர்களுக்கோ காயவைத்த பனங்கிழங்கான ஒடியலில் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சிய கூழ் இல்லாமல் யாழ்ப்பாணமே இல்லை. இரண்டு கிழமை வட்சப்பில் சண்டை பிடித்து, கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

மண்டபத்தில் நான் பிழைவிட்டேன். மேல்மாடி, லிஃப்ட் இல்லை. போய்ப் பார்க்காமல் தொலைபேசியிலேயே பதிந்துவிட்டேன். இரண்டு பேர் படியின் அடியிலேயே நின்றுவிட்டார்கள். கடைசியில் கதிரைகளைக் கீழ் விறாந்தைக்கு இறக்கினோம். இடம் பார்க்கப் போகிறவர்கள் முழங்கால் வருத்தக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

வந்தது 11 பேர். பிலா இலையைக் கோலிக் கூழ் குடித்தோம். பாயாசம் அப்படியே மிஞ்சியது, எல்லோருக்கும் சீனி வருத்தம். போனவர்களின் பெயர்களைப் படித்தபோது பாதிப் பெயருக்கு, “ஆர் மச்சான் இது?” என்றார்கள். பட்டப்பெயரைச் சொன்ன பிறகுதான் விறாந்தை அமைதியானது.

அன்று இரவு மகளிடம் சொல்லி வைத்தேன், என்னுடைய அறிவித்தலில் அடைப்புக்குறிக்குள் என் பட்டப்பெயர் ‘ஒடியல்’ என்று போட வேண்டும் என்று. அவள் சிரித்துவிட்டு, “உந்த வயித்தோடயா அப்பா?” என்றாள். 1974இல் நான் எவ்வளவு மெலிவு என்பதற்கு ரொறன்ரோவில் இருந்து வந்த படத்தைக் காட்ட வேண்டியதாயிற்று.