வேண்டாம் என்று திரும்பிக்கொண்டவள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஷ்ரீவ்போர்ட் நகரத்தை அடுத்த கீத்வில்லில், பைன் காட்டுக்குள் இருக்கிறது சிம்ப் ஹேவன் சரணாலயம். ஆய்வுக்கூடங்களில் இருந்து ஓய்வு பெற்ற சிம்பன்சிகள் அங்கே வாழ்கின்றன. அங்கே பராமரிப்பாளராக இருந்த காலத்தை நினைத்தால் ஒரு வயதான பெண் சிம்பன்சிதான் முதலில் ஞாபகத்துக்கு வருவாள். கோப்பில் அவளுக்கு வேறு பெயர். எனக்கு அவள் பாட்டி.

கோப்பைப் படித்துவிட்டுத்தான் அவளைப் பார்க்கப் போனேன். 1960களில் ஆப்பிரிக்கக் காட்டில் குட்டியாகப் பிடிபட்டவள். குட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் தாயைச் சுட்டுவிடுவது அந்தக் காலத்து வழக்கம். பிறகு ஆய்வுக்கூடம். ரத்தம் எடுத்தது, கல்லீரலில் இருந்து துணுக்கு எடுத்தது, மயக்க மருந்து கொடுத்தது என்று பக்கம் பக்கமாகத் தேதிகள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1981-ல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் அதைச் சிம்பன்சிகளுக்குப் போட்டுத்தான் சோதித்தார்கள். இன்று பிறந்த குழந்தைக்கு முதல் நாளே போடுகிற ஊசி அது. அதனால் பிழைத்த உயிர்களை நான் மறுக்கவில்லை. அந்தக் கடனில் கொஞ்சமாவது திருப்பித் தருகிற வேலை என்றுதான் என் வேலையை நினைத்திருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் மயக்க மருந்து கொடுக்கத் துப்பாக்கியோடு ஒருவர் கூண்டு முன்னால் வந்து நிற்பார். ஐந்தடிக்கு ஐந்தடி, உயரம் ஏழடி. வளர்ந்த சிம்பன்சிக்குக் குறைந்தபட்சம் அவ்வளவு இடம் இருந்தால் போதும் என்றது சட்டம். அதற்குள் எங்கே ஒதுங்குவது? கெட்டாமைன் ஊசி பாய்ந்து உடம்பு சரிவதற்குள் பக்கத்துக் கூண்டுகளில் எல்லாம் அலறல் கிளம்பிவிடும்.

எங்கள் இடத்திலும் ஊசி தேவைப்பட்டது, ஆனால் கேட்டுத்தான் போட வேண்டும். சிம்பன்சி கம்பிவலையில் தோளை ஒட்டி வைத்தால் கிளிக்கரில் (பழக்குவதற்காகக் கையில் வைத்து அழுத்தும் சிறு கருவி) ஒரு சத்தம், கூடவே ஒரு திராட்சை. சில வாரம் கழித்து ஊசியில்லாத சிரிஞ்சால் தொடுவோம். அப்புறம்தான் ஊசி. நடுவில் விலகிப் போனால் அன்றைக்கு அத்தோடு சரி. கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, சாப்பாட்டை நிறுத்தி வைக்கவும் கூடாது.

பாட்டி சிரிஞ்சைக் கண்டாலே முதுகைத் திருப்பிக்கொள்வாள். மறுநாளும் அப்படித்தான். அவள் திரும்பியதும் நான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பல மாதம் இதுவே நடந்தது. அந்த மாதங்களில் அவளிடம் வேறொரு மாற்றம் வந்தது. மாலையில் உள்ளே கூப்பிட்டால் வராமல் மர மேடையிலேயே உட்கார்ந்திருப்பாள். பிடிக்காத காயை வலைக்கு வெளியே தள்ளிவிடுவாள். ஒத்துவராத ஒரு ஆண் சிம்பன்சி பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுவாள். தன் பேச்சு இங்கே எடுபடுகிறது என்று சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்றே நான் நம்புகிறேன். அதற்குப் பிறகுதான் ஒரு காலை, யாரும் எதிர்பார்க்காமல், தோளைக் கொண்டுவந்து வலையில் அழுத்தினாள். தன்னால் மறுக்க முடியும் என்று தெரியும் வரைக்கும் அவள் சம்மதிக்கவே இல்லை. ஊசி உள்ளே போனபோது அசையவில்லை. திராட்சையைக்கூட மெதுவாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

ஓய்வு கொடுத்தவர்களுக்கே இதைப் புரிந்துகொள்ளக் காலம் பிடித்தது. சரணாலயத்துக்கு வழி செய்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, தேவைப்பட்டால் ஓய்வு பெற்ற சிம்பன்சியை ஆய்வுக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 2007-ல்தான் அதை நீக்கினார்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனம் (NIH) தன் சிம்பன்சிகள் அனைத்துக்கும் ஓய்வு என்று அறிவித்தது 2015-ல்.

பாட்டி ஒரு குளிர்காலத்தில் இறந்தாள். இதய நோய். ஓய்வு பெற்ற சிம்பன்சிகள் பலவற்றின் முடிவு அப்படித்தான். அவள் கூட்டம் வந்து பார்க்கட்டும் என்று உடலைச் சற்று நேரம் அங்கேயே வைத்திருந்தோம்.

நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோவில் இருந்த 44 சிம்பன்சிகளைச் சரணாலயத்துக்கு அனுப்புவதில்லை என்று 2019-ல் தேசிய சுகாதார நிறுவனம் முடிவெடுத்தது. வயதும் நோயும் ஆகிவிட்டது, பயணத்தைத் தாங்காது என்றார்கள். அந்த முடிவு சட்டத்துக்கு விரோதம் என்று 2022 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. மருத்துவர்கள் பொய்க் காரணம் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நீண்ட பயணம் வயதான உடம்புக்கு ஆபத்துதான். பாட்டியை வண்டியில் ஏற்றியபோதும் அந்த ஆபத்து இருந்தது, அவள் இதயம் அப்போதே பழுதுபட்டிருந்தது. இருந்தாலும் ஏற்றியது சரிதான். அவளுடைய கடைசி வருடங்களில் தினமும் கூட இருந்தவன் என்ற முறையில் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.