ஆமை நடை: என் முதல் பருவம்

ஜனவரி 3, 2026, சனி

இரவு பதினொன்றரைக்கு நீலாங்கரையில் கூடினோம். விடிவதற்குள் பெசன்ட் நகர் போய்ச் சேர வேண்டும். 1988-லிருந்து சென்னை மாணவர்கள் இப்படிக் கடலாமைக் கூடு தேடிக் கரையோரம் நடக்கிறார்களாம். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஆமையும் இல்லை, தடமும் இல்லை. ஆனாலும் பயிற்சி தந்த அக்கா தேதி, நேரம் போட்டு ‘கூடு: 0’ என்று எழுதச் சொன்னார். எழுதாமல் விட்டால், ஆமை வரவில்லையா, நாம் போகவில்லையா என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

ஜனவரி 10, சனி

செத்த ஆமை ஒன்று. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. போன வருடம் ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. டேப்பை ஓட்டின் வளைவோடு படியவைத்தேன்: 68 செ.மீ. நடுவரிசைக்கு இருபுறமும் தகடுகளை எண்ண வேண்டும். பச்சை ஆமைக்குப் பக்கத்துக்கு நான்குதான். இதற்கு இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் எட்டு. பங்குனி ஆமையேதான் (ஆலிவ் ரிட்லி). வால் குட்டை, அதனால் பெண். அடுத்து வருபவர் மறுபடி எண்ணிவிடாமல் இருக்க ஓட்டில் பெயின்ட் கோடு போட்டோம். ஆமைக்கும் நுரையீரல்தான், இழுவலையில் மாட்டினால் மூச்சு விட மேலே வர முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கையில் இருந்த நாற்றம் வீட்டுக்கு வந்தும் போகவில்லை. அழுகை வந்தது.

பிப்ரவரி 7, சனி

தடம்! ஈர மணலில் மாறி மாறி, கமா போட்டதுபோல. கூட வந்த குப்பத்து அண்ணன் குச்சியை என் கையில் கொடுத்தார். “அழுத்தாத பாப்பா, மணல் இளக்கமா இருந்தா அதுவா உள்ள போவும்.” போனது. ஒன்றரை அடி ஆழத்தில் குடம்போல ஒரு குழி. முட்டைகள் பிங்பாங் பந்து அளவு, தொட்டால் தோல்போல லேசாக அமுங்குகின்றன. 112. புரட்டாமல், குலுக்காமல், கூட்டின் மணலோடு துணிப்பையில் எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைத்தோம்.

மார்ச் 28, சனி

ஏழு வாரம் ஆகிவிட்டது. என் கூடு பொரிந்துவிட்டது! 97 குஞ்சுகள். அந்தி சாயும்போது கடலுக்குச் சில அடி முன்னால் விட்டோம். ஒன்று மட்டும் சாலை விளக்கைப் பார்த்துத் திரும்பியது. வெளிச்சம் படாமல் குறுக்கே போய் நின்றேன். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம் கடல் பக்கம் திரும்பியது. அலை வந்து எடுத்துக்கொண்டது. மணி 6.25 என்று எழுதிக்கொண்டேன்.